ஜப்பான்ல கைவேலை செம்பு விளக்கு வாங்கப் போறீங்களா? நான் பட்டதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான், ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி படிச்சீங்கன்னா உங்களுக்கு லட்சக்கணக்குல யென் மிச்சமாகலாம். நாங்க டோக்கியோல நிஷிகசாய் பக்கம் பழைய மான்ஷன் (இங்க அடுக்குமாடி ஃப்ளாட்டை அப்படித்தான் சொல்வாங்க) ஒண்ணு வாங்கி குடிவந்தோம், ஹாலுக்கு ஜப்பான் பாணில கையால அடிச்ச செம்பு தொங்குவிளக்கு ஒண்ணு மாட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசைல 2,64,000 யென் கொடுத்து ஆர்டர் பண்ணினேன், நம்ம ஊர்க் காசுக்கு ஒன்றரை லட்சம் கிட்ட வரும். கடைசில கையை விட்டுப் போனது 1,18,800 யென், அதோட பல மாசத் தூக்கம். அந்த நேரத்துல என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா ஒசாகாலயே இருந்தார், ஜப்பானிய மொழில சண்டை போட்டு, போன் பண்ணி, லெட்டர் எழுதினு எல்லாத்தையும் நான் ஒத்தையாளாத்தான் பார்த்தேன். இதைப் பத்தி தமிழ்ல யாராவது ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தா எனக்கு எவ்ளோ உதவியா இருந்திருக்கும்னு அப்ப நினைச்சு நினைச்சு அழுதிருக்கேன், அதான் இப்ப நானே எழுதறேன்.

ஆசை எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா இது சும்மா அலங்காரத்துக்கு வாங்கற சாமான் கிடையாது. நாராங்கற ஊர்ல கசுகா தாய்ஷானு ஒரு கோயில் இருக்கு, கல் விளக்கும் தொங்குவிளக்குமா மொத்தம் 3000 கிட்ட விளக்கு, நூத்துக்கணக்கான வருஷமா பக்தர்கள் காணிக்கையா கொடுத்தது. பிப்ரவரில செத்சுபுன் பண்டிகை அன்னிக்கும் ஆகஸ்ட் 14, 15லயும் எல்லாத்தையும் ஏத்துவாங்க. மத்த நாள்ல போனாலும் உள்ள புஜினாமி-நோ-யானு ஒரு சின்ன இருட்டு மண்டபம் இருக்கு, அதுல விளக்குகளை ஏத்தியே வச்சிருப்பாங்க. நான் பார்த்தது அங்கதான். வெண்கலத் தகடுல இலை, பூ, கொடினு சின்னச் சின்னதா வெட்டி எடுத்திருக்காங்க, உள்ள இருக்கற வெளிச்சம் அந்த ஓட்டை வழியா மட்டும்தான் கசியுது, உலோகம் கருப்பா நிழலா நிக்குது. அதே நாராவுல தோதாய்ஜி கோயில்ல பெரிய புத்தர் மண்டபத்துக்கு முன்னாடி எட்டு மூலை வெண்கல விளக்கு ஒண்ணு நிக்கும், 8ஆம் நூற்றாண்டு வேலை, அதுலயும் இதே வித்தைதான். வெளிச்சத்தைக் கொட்டாம அளந்து அளந்து விடற வேலை அது. எங்க அம்மா ஊரு நாச்சியார்கோவில், வார்ப்புப் பட்டறை சத்தத்துலயே வளர்ந்தவ நான், அதனால உலோகமும் வெளிச்சமும் சேர்ற இடம் எனக்கு உள்ளுக்குள்ள எதையோ பண்ணும்.

சரி கதைக்கு வரேன். டோக்கியோல ஒரு இன்டீரியர் கடை, பேர் சொல்லப் போறதில்ல, அவங்க வெப்சைட்ல ஒரு தொங்குவிளக்கு போட்டிருந்தாங்க. தாமரை மொட்டு மாதிரி வடிவம், முழுக்க சுத்தியல் தடம், கீழ பித்தளை வளையம். ஒரே செம்புத் தகட்டைச் சுத்தியலால அடிச்சு அடிச்சு எழுப்பற சுய்கி முறைல, ஜப்பான் கைவினைஞர் செஞ்சதுனு எழுதியிருந்தாங்க. நீகாத்தால சுபாமேனு ஒரு ஊரு இந்த சுய்கிக்குப் பேர் போனது, 1816லேர்ந்து இந்த வேலையைச் செய்யற பட்டறை இன்னும் அங்க ஓடுது. செம்பை அடிக்க அடிக்க இறுகிப் போயிடும், திரும்ப நெருப்புல காட்டி இளக்கணும், திரும்ப அடிக்கணும், இப்படியே போய்க்கிட்டே இருக்கும். அவ்ளோ உழைப்புக்கு இந்த விலை நியாயம்தான்னு தோணுச்சு. ஆர்டர் எடுத்த பிறகுதான் செய்வோம், பாதிப் பணம் முன்னாடியே கட்டணும், மீதி அனுப்பறதுக்கு முன்னாடினு சொன்னாங்க. கட்டினேன். ரெண்டு மாசம்னு சொன்னது அஞ்சு மாசத்துக்கு மேல இழுத்துச்சு, கேட்டா ஒவ்வொரு தடவையும் கைவேலை இல்லையா கொஞ்சம் பொறுங்கனு ரொம்ப மரியாதையா பதில் வரும், அந்த மரியாதைக்கு முன்னாடி நமக்கும் கோவப்பட வாய் வராது.

வந்தப்ப பெட்டியைத் தூக்கினாலே கை இறங்குச்சு. வீட்டுத் தராசுல வச்சா 6.8 கிலோ. இங்கதான் முதல் இடி. ஜப்பான் வீடுகள்ல கூரைல வட்டமாவோ நீளமாவோ ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் இருக்கும் பாருங்க, ஹிக்காகே சீலிங்னு சொல்வாங்க, லைட்டை அதுல சொருகித் திருப்பினா போதும், எலக்ட்ரீஷியன் தேவையே இல்ல. ஆனா அது தாங்கறது 5 கிலோ வரைக்கும்தான். அதுக்கு மேல 10 கிலோ வரைன்னா அந்த சாக்கெட்டையே பக்கத்துல உலோகக் காது வச்ச வகையா (ரோசெட்னு சொல்வாங்க) மாத்தி, ஸ்க்ரூவால கூரையோட சேர்த்துப் பிடிக்கணும், அந்த வயரிங் வேலையை லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன்தான் தொடலாம், நாமளே ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஏறினா சட்டப்படி தப்பு. கடையோட வெப்சைட் பக்கத்துல உயரம், அகலம், எந்தக் கோயில்ல எந்தக் காலத்துல இந்த வடிவம் வந்துச்சுங்கற வரலாறு எல்லாம் இருந்துச்சு, எடை மட்டும் எங்கயும் இல்ல. அதனால விலை கேக்கறதுக்கு முன்னாடி எடை கேளுங்க, பல்பு, செயின், மேல் மூடி எல்லாம் சேர்த்த மொத்த எடை.

இன்னொண்ணு, மான்ஷன்ல இருக்கறவங்க கவனிங்க. ஜிப்சம் போர்டு கூரைனா பின்னாடி கட்டையோ இரும்புச் சட்டமோ எங்க ஓடுதுன்னு பார்த்து அதுல ஸ்க்ரூ ஏத்தணும், வெறும் போர்டுல ஏத்தினா ஒரு நாள் மொத்தமா பேத்துக்கிட்டு வரும். கான்கிரீட்ல ஓட்டை போட்டுத்தான் மாட்டணும்னா, அந்த கான்கிரீட் ஸ்லாப் உங்க சொத்து கிடையாது, கட்டடத்துல எல்லாருக்கும் பொது. கான்ரி குமியாய் கிட்ட, அதாவது நம்ம ஊரு அசோசியேஷன் மாதிரி, முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வாடகை வீடுன்னா காலி பண்றப்ப பழையபடி ஆக்கித் தரணும், 5 கிலோவுக்குள்ள இருக்கற விளக்கோட நிறுத்திக்கறதுதான் நிம்மதி.

எலக்ட்ரீஷியன் வந்தார், வயசான மனுஷர், ரொம்ப நிதானம். பெட்டியைப் பிரிச்சு மேல் மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தார். வயர் உள்ள நுழையற ஓட்டை விளிம்புல ரப்பர் வளையமே இல்ல, அறுத்த தகடு கூரா அப்படியே நின்னுது, வயரோட மேல்தோல் அதுல உரசி ஏற்கெனவே கீறியிருந்துச்சு. விரலால தொட்டுக் காட்டினார். அப்பறம் திருப்பித் திருப்பி எதையோ தேடினார். வட்டத்துக்குள்ள பிஎஸ்இனு போட்ட மின்சாதனப் பாதுகாப்பு முத்திரையும் செஞ்சவங்க இல்லனா இறக்குமதி பண்ணினவங்க பேரும் இருக்கணுமாம், ரெண்டுமே இல்ல. "மன்னிச்சிடுங்கம்மா, இதை என்னால மாட்ட முடியாது, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல முடியாது"னு சொல்லிட்டு, வந்ததுக்கான 8,800 யென் மட்டும் வாங்கிட்டுப் போயிட்டார். அன்னிக்கு அவர் மேல வருத்தமாத்தான் இருந்துச்சு, இப்ப நினைச்சா அந்த மனுஷர் எங்க வீட்டையே காப்பாத்தியிருக்கார். அந்த முத்திரை இல்லாத லைட்டை ஜப்பான்ல கடைல விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, கைவேலை, கலைப்பொருள்னு சொன்னாலும் பிளக் மாட்டி வீட்டு லைட்டா வித்தா அது எலக்ட்ரிக் சாமான்தான். முத்திரை எங்க இருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, தயங்காதீங்க.

அவர் போனதும் எனக்கு மனசுல ஏதோ உறுத்துச்சு. பிரிட்ஜ்ல ஒட்டியிருந்த மேக்னட்டை எடுத்து விளக்கு மேல வச்சேன். டக்குனு ஒட்டிக்கிச்சு. செம்புலயும் பித்தளைலயும் மேக்னட் ஒட்டாது, அவ்ளோதான் விஷயம், அது இரும்புத் தகடு, மேல செம்பு முலாம். அப்பறம் சுத்தியல் தடத்தைக் கிட்டப் பார்த்தேன். ஒரு இதழ்ல பிறை மாதிரி ஒரு பள்ளம், அதுக்குப் பக்கத்துல மூணு சின்னப் புள்ளி. அடுத்த இதழ்லயும் அதே இடத்துல அதே பிறை, அதே மூணு புள்ளி. எல்லா இதழ்லயும் அப்படியே. மெஷின் அச்சுல அழுத்தி எடுத்த தடம் அது. மனுஷன் கை ஒரே அடியை ரெண்டு தடவை அடிக்காது. தரைல உக்காந்துட்டேன், ரொம்ப நேரம் எந்திரிக்க முடியல. பணம் போனதை விட, அஞ்சு மாசமா யாரோ ஒரு பெரியவர் பட்டறைல உக்காந்து எனக்காக அடிச்சிட்டிருக்கார்னு நினைச்சு நினைச்சு சந்தோஷப்பட்டேன் பாருங்க, அதுதான் வலிச்சுது.

கடைக்கு எழுதினேன். ஆர்டர் கொடுத்துச் செஞ்ச பொருள், திருப்பி எடுக்க மாட்டோம், வெப்சைட்லயே போட்டிருக்குனு பதில். இந்த இடத்துல சட்டம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். வீட்டுக்கு வந்து விக்கறவங்க கிட்ட வாங்கினா கூலிங் ஆஃப், அதாவது சில நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்து பண்ற உரிமை உண்டு, ஆனா நாமளே ஆன்லைன்ல ஆர்டர் பண்ணினதுக்கு அது கிடையாது. திருப்பி எடுக்க மாட்டோம்னு தெளிவா போட்டிருந்தா மனசு மாறிப்போச்சுன்னு திருப்ப முடியாது, அப்படி எதுவுமே போடலன்னா மட்டும் 8 நாளுக்குள்ள நம்ம செலவுல திருப்பலாம். ஆனா மனசு மாறறது வேற, சொன்ன பொருளுக்குப் பதிலா வேற பொருள் வர்றது வேற. செம்புனு சொல்லி இரும்பு கொடுத்தா ஒப்பந்தப்படி இல்லாத பொருள், அதுக்கு விக்கறவங்கதான் பொறுப்பு, திருப்பி எடுக்க மாட்டோம்னு ஒரு வரி போட்டு அதுலேர்ந்து தப்பிக்க முடியாது. தெரிய வந்த நாள்லேர்ந்து 1 வருஷத்துக்குள்ள அவங்களுக்குத் தெரியப்படுத்தணும், அவ்ளோதான். இதெல்லாம் எனக்குச் சொன்னது 188. ஜப்பான்ல எங்கேர்ந்தும் 188 போட்டா உங்க ஏரியா நுகர்வோர் மையத்துக்குக் கனெக்ட் ஆகும், ஆலோசனைக்குக் காசு கிடையாது. எங்க ஏரியா மையத்துல இருந்த அம்மா ஒவ்வொரு வார்த்தையையும் எனக்குப் புரியற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. வெப்சைட் பக்கத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, மேக்னட் ஒட்டறதை வீடியோ எடுங்க, எலக்ட்ரீஷியன் கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்குங்கனு சொன்னாங்க. நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த கொஞ்ச நாள்லயே கடைக்காரங்க அந்தப் பக்கத்துல இருந்த செம்புங்கற வார்த்தையைச் செம்பு நிறம்னு மாத்திட்டாங்க! அந்த ஒரு படம் இல்லனா எனக்கு ஒரு யென் கூட வந்திருக்காது.

மையத்துலேர்ந்து பேசின பிறகு கடைக்காரங்க இறங்கி வந்தாங்க, 60 சதவீதம் தரோம்னாங்க. கோர்ட்டுக்குப் போனா முழுசும் வாங்கியிருக்கலாம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அந்த நேரத்துல உடம்புலயும் மனசுலயும் தெம்பு இல்ல, ஒத்துக்கிட்டேன். போனது 1,05,600, எலக்ட்ரீஷியன் 8,800, திருப்பி அனுப்பின பார்சல் 4,400. பார்சல்னு சொன்னதும் இன்னொண்ணு, விளக்கு நசுங்கியோ உடைஞ்சோ வந்தா, வந்த நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள கூரியர் கம்பெனிக்குச் சொல்லணும், இல்லனா நஷ்ட ஈடு கிடையாது. கூரை வேலை முடியட்டும்னு பெட்டியைப் பிரிக்காம மூலைல வச்சிடாதீங்க. அன்னிக்கே பிரிங்க, அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீங்க.

இவ்ளோ ஆன பிறகும் ஆசை போகல. உண்மையானதைக் கண்ணால பார்த்தே ஆகணும்னு தொயாமால இருக்கற தகஓகாவுக்குப் போனேன். 1611ல அந்த ஊரு பிரபு மயெதா தொஷினாகா ஏழு வார்ப்புக்காரங்களைக் கூட்டிட்டு வந்து குடிவச்ச இடம் கனயாமாச்சி, கம்பி வச்ச மாதிரி மரச்சட்டம் போட்ட பழைய வீடுங்க, தெருவுல பதிச்ச கல்லுக்கு நடுவுல செம்புத் துண்டு மின்னும். ஊருக்கு நடுவுல வெண்கல புத்தர், 15.85 மீட்டர் உயரம், 1933ல முடிச்சது, அந்த ஊர்க்காரங்களே வார்த்தது. அங்க ஒரு பட்டறைல போய்ப் பார்த்தப்ப மணல் அச்சு எடுத்திட்டிருந்தாங்க, எனக்கு நாச்சியார்கோவில்ல காவேரி வண்டல்ல குத்துவிளக்கு வார்க்கறதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு. தகஓகாவுல அச்சு எடுக்கறவங்க, வார்க்கறவங்க, தேய்ச்சு முடிக்கறவங்க, நிறம் ஏத்தறவங்க எல்லாம் தனித்தனிப் பட்டறை. அதனால யார் செஞ்சதுன்னு கேட்டா உண்மையான ஆளுங்க வார்ப்பு இவங்க, நிறம் அவங்கனு பிரிச்சுச் சொல்வாங்க. கைவினைஞர் செஞ்சதுனு மொட்டையா ஒரு வார்த்தைல முடிச்சா மேல கேளுங்க, எந்த ஊரு, எந்தப் பட்டறை, எந்த வேலை கையால, எந்த வேலை மெஷின்ல. மெஷின் வேலை இருக்கறது தப்பே இல்ல, சொல்லாம இருக்கறதுதான் தப்பு.

நிறம் ஏத்தறதை நான் ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன். அரிசித் தவிடு குழைச்ச விழுதைப் பித்தளை மேல அங்கங்க அப்பறாங்க, பர்னர் வச்சு எரிக்கறாங்க, தவிடு கருகற வாசனை பட்டறை பூரா. கருகினதைக் கழுவிட்டுப் பார்த்தா அப்பின இடமெல்லாம் திட்டுத் திட்டா மேகம் மாதிரி ஒரு நிறம். அதுக்கு மேல இரும்பை ஊறப்போட்டு எடுத்த ஒஹாகுரோங்கற கருப்புக் கரைசலை வைக்கோல் பிரஷ்ஷால தட்டித் தட்டி ஏத்தறாங்க, உலோகம் சூடா இருக்கறப்பவே. அது பெயிண்ட் கிடையாது, உலோகத்தோட மேல்தோலே மாறிடுது. ஒரு துண்டு மாதிரி இன்னொரு துண்டு வராது.

அங்க போய்ப் பார்த்த பிறகு, வேற ஒரு சின்னக் கடைல பித்தளைல வார்த்து நிறம் ஏத்தின, இலை வடிவ ஓட்டை வச்ச சின்னத் தொங்குவிளக்கு வாங்கினேன், 2.9 கிலோ, முத்திரை இருக்கு, எடை எழுதியிருக்கு, ஹிக்காகேல நானே மாட்டிட்டேன். ஆனா முதல் நாள் ராத்திரி போட்டதும் ஏமாத்தமா இருந்துச்சு, சுவத்துல விழ வேண்டிய இலை நிழல் விழவே இல்ல, மங்கலா ஏதோ தெரிஞ்சுது. காரணம் பல்பு. பெரிய உருண்டையான பால் நிறப் பல்பு போட்டா வெளிச்சம் பல பக்கத்துலேர்ந்து வரும், நிழல் கரைஞ்சு போயிடும். சின்னதா, கண்ணாடி தெளிவா, உள்ள இழை தெரியற எல்ஈடி பல்பு போட்டதும் சுவர் பூரா இலை. ஆனா சோபால உக்காந்தா இழை நேரா கண்ணுல குத்தும், அதனால உக்கார்ற கண்ணு மட்டத்துக்கு மேல பல்பு இருக்கற மாதிரி செயினைச் சுருக்கணும். நிறம் கண்டிப்பா தென்க்யூஷோகுனு போட்ட மஞ்சள் வெளிச்சம்தான், பகல் வெள்ளைல பித்தளை வெளிறிப் போய் உயிரே இல்லாம நிக்கும். மேல மூடின விளக்குன்னா சூடு உள்ளயே தேங்கி எல்ஈடி சீக்கிரம் போயிடும், பெட்டில மிப்பெய்-கதா கிகு தாய்ஓனு, மூடின விளக்குக்குப் பொருந்தும்னு போட்டிருக்கறதா வாங்குங்க. டிம்மர் வச்சிருந்தா டிம்மருக்கான பல்பு தனி. ஓட்டை வச்ச உலோக விளக்கு பல்போட வெளிச்சத்துல பாதிக்கு மேல முழுங்கிடும், 60 வாட் அளவு, 810 லூமன் போட்டாலும் படிக்க வெளிச்சம் பத்தாது. ஹாலுக்கு வேற லைட் இருக்கணும், இது சாயங்காலத்துக்கு.

நிலநடுக்கத்தையும் யோசிங்க. செயின் நீளமா விட்டா சின்ன ஆட்டத்துக்கே ஊஞ்சலாடும், சுவரும் அலமாரியும் எட்டாத தூரத்துல மாட்டுங்க, படுக்கற இடத்துக்கு நேர் மேல வேண்டவே வேண்டாம்.

துடைக்கறதுக்கு உலர்ந்த மெல்லிசுத் துணி மட்டும். எங்க அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு, "ஏண்டி இப்படிக் கருத்துக் கெடக்கு, புளி போட்டு ஒரு தேய் தேய், பளபளன்னு ஆயிடும்"னாங்க. அம்மா, அந்தக் கருப்புக்குத்தாம்மா காசே கொடுத்தேன்னு சொல்லிப் புரியவச்சேன். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவுமே நிறம் ஏத்தின விளக்கு கிட்ட போகக்கூடாது, ஒரே தேய்ல அந்த மேல்தோல் போயிடும், திரும்ப வராது. வீட்டுக்கு வந்து உதவி பண்றவங்க, ஊர்லேர்ந்து வர்ற பெரியவங்க எல்லார் கிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க.

இந்தியாவுக்கு எடுத்துட்டுப் போறவங்க நிறைய கேக்கறீங்க. இங்க 100 வோல்ட், அங்க 230. உள்ளயே எல்ஈடி பதிச்ச விளக்குன்னா அப்படியே சொருகினா போச்சு, அதை வாங்காம பல்பு மாத்தற மாதிரி ஹோல்டர் இருக்கறதா பாருங்க. இங்க ஹோல்டர் ஈ26, இல்லனா சின்னது ஈ17, ஊர்ல ஈ27, இல்லனா பி22. ஊருக்குப் போனதும் நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹோல்டர், வயர், சீலிங் கொக்கி மூணையும் 230க்கு ஏத்த மாதிரி புதுசா மாத்திடுங்க, பல்பையும் அங்கயே வாங்கிக்கங்க. நிறம் ஏத்தின பாகத்தைக் கழட்டறப்ப மட்டும் அவர் கைல கையுறை போடச் சொல்லுங்க, வேர்வைக் கை பட்டா விரல் தடம் அப்படியே பதிஞ்சு நின்னுடும்.